புதுமைக்கு இருபத்தைந்து மார்க்

பலகையில் வயரை மாட்டிக்கொண்டிருந்த பயிற்சி ஆசிரியர் சட்டென்று விறைத்துப்போனார். வயரைப் பிடித்த கை விடவில்லை. உடம்பு வெடவெடவென்று ஆடியது.

எலக்ட்ரீஷியன் வகுப்பின் பதினெட்டுப் பேரும் பதறி எழுந்தார்கள். அவருடைய பாடத்துக்கு மார்க் போட வந்து, கடைசியில் உட்கார்ந்திருந்த தேர்வாளர் மட்டும் அசையவில்லை. விஷயம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பாடக் குறிப்பு அவர் மடியில் இருந்தது. 'பத்தரை மணி: எனக்கு ஷாக் அடித்ததுபோல் நடிப்பேன். மாணவர்கள் தாங்களாகவே காப்பாற்ற வேண்டும்.' படித்ததுமே அவருக்குப் பிடித்துப்போயிற்று. புதுமைக்கென்று இருபத்தைந்து மார்க் உண்டு. இதுவரை பாடம் எடுத்த எட்டுப் பேரும் கலர் சார்ட்டைத் தொங்கவிட்டதோடு சரி.

கடிகாரம் பத்து இருபது காட்டியது. பாடம் எடுக்கும் பையன் பதற்றத்தில் அவசரப்பட்டுவிட்டான். ஆனால் நடிப்பு தத்ரூபம்.

"சார், ஏதாவது பண்ணுங்க சார்." ஒருவன் தேர்வாளரிடம் ஓடிவந்தான்.

"நான் பார்க்க வந்தவன்ப்பா. நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல நானா வருவேன்? யோசிங்க."

இன்னொருவன் ஆசிரியரின் தோளைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தான்.

"தொடாதடா, உனக்கும் அடிக்கும்." சொன்னவள், வாயே திறக்க மாட்டாள் என்று வகுப்பே 'பூனை' என்று கூப்பிடும் பெண்.

மெயின் சுவிட்ச் தேர்வாளரின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று அவர் வேண்டுமென்றே நகரவில்லை. அவள் நாற்காலியோடு அவரைத் தள்ளிவிட்டு, சுவிட்சை இறக்கினாள்.

விளக்குகள் அணைந்தன. ஆசிரியர் தொப்பென்று சரிந்தார். அவள் ஓடிப்போய் அவர் மூக்கருகே காதை வைத்தாள்.

"மூச்சு இருக்கு. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. யாராவது ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க."

இதற்கு மேல் விட்டால் ஊரே கூடிவிடும். தேர்வாளர் கைதட்டிக்கொண்டே எழுந்தார்.

"போன் வேண்டாம்மா. இது பாடம். சார் நடிச்சார்."

யாரும் சிரிக்கவில்லை. பூனை தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆசிரியர் மெல்லக் கண் திறந்தார்.

"இருபத்தஞ்சுக்கு இருபத்திநாலு, தம்பி. பத்தரைன்னு எழுதிட்டு முன்னாடியே ஆரம்பிச்சிட்டீங்க, அதுக்கு ஒண்ணு போச்சு."

ஆசிரியர் கருகிப்போன தன் விரல்களையே பார்த்தார். ஒட்டிக்கொண்ட உதடுகள் பிரிய நேரமாயிற்று.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, சார்."