பத்தாம் நம்பர்க்காரன்

"மறுபடியும் அவனா?"

விரல்களில் சுற்றியிருந்த பட்டையைப் பிரித்தபடியே கேட்டான் கணவன். மனைவி டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு வாரமாக இதே கூத்துதான். ஆசிய கிளப் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கும் வெளிநாட்டு அணியின் பத்தாம் நம்பர்க்காரனையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கிறாள். சுருட்டை முடி, சிரித்தால் கன்னத்தில் குழி. கணவனுக்கு வயிறு எரிந்தது.

"அப்படி என்னதான் இருக்கு அவன்கிட்ட?"

"அவன் காலைப் பாருங்க."

"கால் எனக்கும்தான் ரெண்டு இருக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை ஒரு தடவையாவது இப்படிப் பார்த்திருப்பியா?"

"முதல்ல இப்படி வந்து உட்காருங்க."

"அந்த மூஞ்சியை நான் வேற பார்க்கணுமா?"

அவள் படத்தை நிறுத்தினாள்.

"பெனால்டி அடிக்கும்போது காலுறையை இழுத்துவிட்டான்னா, பந்து உங்க இடது பக்கம் வரும். எல்லா ஆட்டத்திலும் பார்த்துட்டேன். நாளைக்கு கோல் போஸ்ட்ல நிக்கப்போறது நானில்லை, நீங்கதான்."

கோல்கீப்பர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மறுநாள் ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது, கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி. பத்தாம் நம்பர்க்காரன் காலுறையை இழுத்துவிட்டான். கோல்கீப்பர் இடது பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டான். கோப்பை கைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவன் பையைத் துழாவினாள்.

"ஆட்டம் முடிஞ்சதும் எதிர் டீமோட சட்டையை மாத்திக்குவீங்களே, அவன் சட்டை எங்கே?"

"கழட்டி நீட்டினான். நான் அவங்க கோல்கீப்பரோட மாத்திக்கிட்டேன்."

"ஏன்?"

"அவனுக்கு வழுக்கை."