கடைசி நட்டின் மேல் ஒரு குமிழி

எரிவாயுவில் ஓடும் லாரி ஒன்று சோதனைக்கு வந்து நின்றது. பரிசோதகர் தங்கப்பழம், சிலிண்டரிலிருந்து வரும் குழாயின் நட்டுகளில் சோப்புத் தண்ணீரைப் பூசிக்கொண்டே போனார். வாயு கசிந்தால் அங்கே குமிழி கிளம்பும். அதுதான் சோதனை.

கடைசி நட்டின் மேல் ஒரு குமிழி கிளம்பியது.

"அண்ணே, எனக்குள்ளே யாரோ மூச்சு விடுறாங்க" என்றது.

"சத்தம் போடாதே" என்றது நட்டு. "உள்ளே இருக்கிற வாயுவை இத்தனை நாளா நான்தான் பிடிச்சு வெச்சிருந்தேன். இப்போ பிடி தளர்ந்துபோச்சு. வெளியே தெரிஞ்சா என்னைக் கழற்றித் தூரப் போட்டுடுவாங்க."

"உள்ளே மூச்சு விடுறவன் என்ன கேட்கிறான் தெரியுமா? வெளியே…"

குமிழி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று கிளம்பி, விட்ட இடத்திலிருந்து பேசியது. "…நெருப்பு இருக்கான்னு கேட்கிறான்."

தங்கப்பழம் குனிந்து பார்த்தார். "சோப்புன்னா நுரைக்கத்தானே செய்யும்" என்று துணியால் துடைத்துவிட்டு, முன் கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டினார்.

வண்டி தேறிவிட்ட சந்தோஷத்தில், திருஷ்டி கழிக்கப் பூசணிக்காயோடு வந்தார் உரிமையாளர் மாசிலாமணி. "என்னமோ நாத்தம் அடிக்குதே" என்று மூக்கைச் சுளித்தவர், இன்னும் நாலு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தார். நாற்றம் அடங்கிப்போனது. பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றி, லாரியைச் சுற்றி நடந்தார்.

கடைசி நட்டின் பக்கம் வந்தபோது, துளிக் காற்றுகூட இல்லாத அந்த இடத்தில், சுடர் லாரியைப் பார்த்துச் சாய்ந்தது.

"என்னைக் கூப்பிட்டது யாரு?" என்றது கற்பூரம்.