கருப்பின் அளவு

“ஒரே கருப்பா இருக்கே,” என்றார் உத்திராபதி.

ஊர்க் கூடத்து டிவியில் நேற்று அந்தியில் எடுத்த கடல் ஓடிக்கொண்டிருந்தது. கடல் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். மேலே கொஞ்சம் சாம்பல் வானம். கீழே தார் ஊற்றியது போல் கருப்பு.

நேற்று விடியுமுன் போன ஃபைபர் படகு இன்னும் திரும்பவில்லை. அதில் இரண்டு பேர். ஒருவன் பாரதியின் கணவன் கலைவாணன். இன்னொருவன் கூலிக்கு ஏறிய சுப்பையன். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று நெடுங்காட்டு வயலை விட்டுக் கடலுக்கு வந்தவன்.

பூவம் ஊருக்கு நேர் கிழக்கே நேற்று அந்தியில் ஒரு விசைப்படகு வந்திருக்கிறது. அதிலிருந்தவர்கள் எதையும் பார்க்கவில்லை. படகின் கேமராவாவது பார்த்திருக்கும் என்று அதன் பதிவுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து டிவியில் மாட்டியிருந்தார்கள்.

கரையில் ஊரின் படகுகள் டீசல் ஏற்றிக்கொண்டு காத்து நின்றன.

“இதைப் பாத்துட்டுத்தான் இறக்கணும்,” என்றார் உத்திராபதி. அவர்தான் ஊர்த் தலைவர். “சாவுன்னு கண்ணுல பட்டுட்டா அடக்கம் முடியுற வரைக்கும் ஒரு படகும் இறங்காது. உடல எடுக்கப் போற படகு மட்டும் நேரா போயி நேரா வரும்.”

“அப்ப கூடப் போன நெடுங்காட்டான யாரு தேடுறது?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

“வெளியூர்க்காரனுக்காக வழக்கத்த மாத்துவாங்களா?”

சுப்பையனின் மனைவி சுகிர்தா வாசலில் நின்று இதைக் கேட்டாள். உள்ளே வா என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

பாரதி மாதா கோயில் தெருவில் ஒரு டிவி கடையில் வேலை பார்க்கிறாள். ரிமோட்டை அவளிடம் நீட்டினார்கள்.

“கடையில எறும்போட மீசைய எல்லாம் காட்டுறீங்க. எங்க டிவியில ஒரு படகு தெரிய மாட்டேங்குது,” என்றான் அதே ஆள். யாரும் சிரிக்கவில்லை.

அவள் எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றாள். படத்தை நிறுத்திவிட்டு மெனுவைத் திறந்தாள். படம், வண்ணம், அதற்குள் வண்ண அளவு. ஆட்டோ, லிமிடெட், ஃபுல்.

வாடிக்கையாளர்களுக்கு அவள் தினமும் சொல்வதுதான். டிவியோடு மாட்டும் பெட்டி கருப்பைப் பல படிகளாகப் பிரித்து அனுப்பும். டிவியின் அளவு பொருந்தாவிட்டால் கீழ்ப்படிகளை எல்லாம் ஒரே கருப்பாக விழுங்கிவிடும். பொருந்தினால் இருட்டு பிரியும். இருட்டுக்குள்ளும் நிழல்கள் இருப்பது அப்போதுதான் தெரியும்.

முகத்தைத் திரையோடு வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

“தள்ளி நில்லு பாரதி, மறைக்குது.”

அவள் நகரவில்லை.

“ஏ புள்ள, நாங்களும் பாக்க வேணாமா?”

இன்னும் ஒருமுறை பொத்தானை அழுத்திவிட்டு விலகினாள். திரையில் அதே தார்.

“இதுக்கு மேல தெளிவா வராது மாமா.”

கூடம் பெருமூச்சு விட்டது. அதில் ஏமாற்றமும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. உத்திராபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அந்தப் பக்கம் ஒன்னும் இல்ல. எல்லாரும் தெக்கால போவோம்.”

“வேணாம் மாமா. பூவத்துக்குக் கிழக்கதான் முதல்ல பாக்கணும். அங்கதான் வலை விடப்போறதா சொல்லிட்டுப் போனாரு.”

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்துக் கை காட்டினார். ஆண்கள் ஓடினார்கள்.

கூடம் காலியானதும் சுகிர்தா உள்ளே வந்து பாரதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது மீன் வாடை இன்னும் ஏறாத கை, வயல் சேறு பழகிய கை.

“உங்ககிட்டயாவது சொல்லிட்டுப் போனாரே அக்கா. இவரு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“ஓடு. படகுல குடிதண்ணி ஏத்தச் சொல்லு. உன் வீட்டுக்காரரு ஏறுனதும் கேப்பாரு.”

சுகிர்தா ஓடினாள்.

கலைவாணன் பாரதியிடமும் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

அவள் டிவிக்கு முன் தனியாக நின்றாள். வண்ண அளவை மறுபடியும் ஃபுல்லுக்குக் கொண்டுபோனாள்.

கருப்பு பிரிந்தது. அலைகள் ஒவ்வொன்றாக வந்தன. நடுவில் பாதி மூழ்கிய படகு. அதன் விளிம்பில், இடுப்பில் வலைக்கயிறு சுற்றி, இடது தோள் கொஞ்சம் ஏறியிருக்கும், அவள் தினமும் பார்க்கும் அந்த முதுகு. முகம் தண்ணீருக்குள் இருந்தது.

மறைக்கிறது என்று அவர்கள் கத்தியபோது அவள் பார்த்தது இதைத்தான். பார்த்த அதே மூச்சில் இன்னொருவனைத் தேடினாள். அவன் படகில் இல்லை. ஆபத்தில் பிடித்து மிதக்கவென்று படகோடு கட்டிவைக்கும் மிதவைக் கேனும் இல்லை.

கரையில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன.

கூடத்தில் அழுதால் கரைக்குக் கேட்கும். கடைசிப் படகின் ஓசை தேய்ந்து மறையும்வரை அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.