ஓடக்காரனுக்குப் பொட்டு

"அண்ணை, இஞ்சை ஓடிவாங்கோ! ஓடக்காரன்ரை நெத்தியிலை குங்குமம்!"

நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்த திருநாவுக்கரசு துள்ளி எழுந்தார். கூப்பிட்டவன் றெஜினோல்ட். ஆக்லாந்தில் ஓர் ஓவியக்கூடத்துக்கு இருவரும் காவலர்கள்.

பிரான்சிலிருந்து வந்து நேற்றுத்தான் மாட்டிய படம். நூற்றைம்பது வயது. ஆற்றுப் பள்ளத்தாக்கு, இருகரையும் மரங்கள், மூலையில் விரல் நீளத்துக்கு ஓர் ஓடக்காரன். அவன் நெற்றி உச்சியில் சிவப்பாக ஏதோ இருந்தது.

"அடிப்பாவி கண்மணி!" என்று பல்லைக் கடித்தார்.

நேற்று ஆயுத பூஜை. சாயங்காலம் சுண்டலும் குங்குமச் சிமிழுமாக வந்த மனைவி கண்மணி, "டிரைவருக்கு வண்டி, தையல்காரருக்குக் கத்தரிக்கோல். உங்க ஆயுதம் எதுங்க?" என்று கேட்டாள். இவர் பெருமையாகப் படத்தைக் காட்டிவிட்டுச் சாவி எடுக்கப் போனார். அந்த இரண்டு நிமிடம் போதாதா அவளுக்கு?

"படத்தோடை வந்த பிரான்ஸ் அம்மா பத்து மணிக்கு அதைச் சோதிக்க வாறா. அஞ்சு நிமிசம்தான் கிடக்கு!"

திருநாவுக்கரசு சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடினார். இன்று நல்ல பெயர் வாங்கினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி த்ரீ கிங்ஸ் பேட்டைக் கடையில் தள்ளுவண்டி அடுக்கவேண்டும்.

"தொடாதேங்கோ அண்ணை! மேலிடத்திலை சொல்லுவம்."

"சொன்னா சீட்டைக் கிழிச்சிடுவாங்க தம்பி! நீ வாசலைப் பாரு."

கைக்குட்டையில் எச்சில் தொட்டுத் துடைத்தார். அசையவில்லை. மதுரைக் குங்குமம் லேசில் போகுமா? நகத்தால் சுரண்டினார். போயே போய்விட்டது. அப்பாடா!

பிரான்ஸ் அம்மா கனத்த புத்தகத்தோடு உள்ளே வந்தார். திருநாவுக்கரசு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

பின்னால் நின்ற றெஜினோல்ட் களுக்கென்று சிரித்தான். "அண்ணை, உங்கடை களிசானின்ரை பின்பக்கம் மூண்டு பொட்டு!"

கால்சட்டையைத் தடவியபடி திரும்பிப் பார்த்தார். அவருடைய நாற்காலி மெத்தையில் மூன்று சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். நாள் முழுக்கப் புருஷன் எதை வைத்துப் பிழைக்கிறான் என்பது கண்மணிக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

அப்படியானால் அது?

பிரான்ஸ் அம்மா புத்தகத்தைப் பிரித்துப் படத்தோடு ஒப்பிட்டார். புத்தகத்து ஓடக்காரன், தலையில் சின்னச் சிவப்புத் தொப்பியோடு துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.