நிலாவுக்குள் ஒரு படகு

பௌர்ணமி மாலையில் ஏரிக்கரைக்கு வருகிற ஒருவருக்கும் நிலா பார்க்கத் தெரியாது என்பது ரங்கபாஷ்யத்தின் தீராத எரிச்சல். பஜ்ஜி தின்கிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள், நிலாவுக்கு முதுகைக் காட்டிப் படமெடுத்துக்கொள்கிறார்கள். அதனால் தனிப்படகு பிடித்தார். "இன்னும் தள்ளிப் போப்பா" என்று படகோட்டி சடையனை விரட்டிக்கொண்டே போய், நடு ஏரியில் துடுப்பையும் நிறுத்தச் சொன்னார். நிலா எழுந்தது. உடனே கரையிலிருந்து விசிலும் கைதட்டலும் கிளம்பின.

"இப்ப என்ன வந்துச்சு இவங்களுக்கு?"

"நம்மளத்தான் சார் பாக்குறாங்க. அங்கேருந்து பாத்தா, தண்ணியில விழுந்த நிலாவுக்குள்ள நம்ம படகு நிக்கும். அம்புட்டு அழகா இருக்கும்."

ரங்கபாஷ்யம் சுற்றிலும் பார்த்தார். படகைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர்தான் இருந்தது.

"திருப்பு. கரைக்கு விடு."

கரையேறியதும் கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். தண்ணீரில் நிலா கிடந்தது. அதற்குள் படகு இல்லை. சடையன் பஜ்ஜிக் கடையில் நின்றிருந்தான்.

"யாராவது ஒருத்தர் அங்க போய் உக்காருங்கய்யா!" என்று ரங்கபாஷ்யம் கத்தினார்.

பாட்டுப் போட்டிருந்தவன் பாட்டை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தான்.