மறைவு: இன்று

"மறைவு தேதி இன்னா போடணும்மா?"

"இன்னிக்கே போடுங்கய்யா. சீக்கிரம்."

தண்டையார்பேட்டையில் அந்தப் போஸ்டர் கடையில் கண்ணீர் அஞ்சலிகளை வடிவமைப்பவன் தஹ்சீன். அழுதபடி வருகிறவர்களைத்தான் அவன் பார்த்திருக்கிறான். இந்த அம்மா அழவில்லை. தெற்கத்திப் பேச்சு, ராத்திரி பஸ்ஸில் கசங்கிய சேலை. உட்காருவதும், எழுந்து கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

அவள் போனில் காட்டிய படம் கோயில் கொடைத் திருவிழாவில் எடுத்தது. பத்துப் பதினைந்து பையன்கள். ஒரு முகத்தைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம். எந்த முகம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தஹ்சீன் வட்டத்தை அழித்துவிட்டு முகத்தை வெட்டி எடுத்தான்.

"பேரு?"

"அய்யாத்துரை. எண்ணூர்ல கம்பெனி வேலை. நெட்டுக்குப்பத்துல அவன் இருக்க வீட்டுச் சுவத்துலயும் பஸ் ஸ்டாப்புலயும் ஒட்டணும்."

"ஆக்சிடென்டாம்மா?"

"அப்படியே போடுங்க."

மவுஸ் மேல் கை நின்றது. "அப்படியே போடுன்றே? இன்னாம்மா கத வுடுறியா?"

அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"எங்க ஊர்ல ரெண்டு குடும்பத்துக்கு வாய்க்கால் தகராறு. முப்பது வருசமா மாத்தி மாத்தி வெட்டிக்கிடுதாவ. இப்ப ரெண்டு வீட்லயும் ஒத்தப் பயதான் மிச்சம். அதுல ஒருத்தன் இன்னொருத்தனத் தேடி ரயில்ல வந்துட்டிருக்கான். அருவாளோட."

"அப்ப இந்தப் பையன்..."

"சாகலய்யா. ஷிப்டுக்குப் போயிருக்கான். சுவத்துல போஸ்டரப் பாத்தா, செத்துட்டான்னு வாரவன் திரும்பிருவான்லா?"

தஹ்சீன் திரையை விட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். உயிரோடிருக்கும் பிள்ளையின் படத்துக்கு மாலை போடச் சொல்லி எந்தத் தாய் வந்து நிற்பாள்?

"பேஜாரு புடிச்ச வேலைம்மா இது. ஓனருக்குத் தெரிஞ்சா என்னியத் தூக்கி ரோட்ல போட்ருவாரு." அவன் திரையில் ரோஜா மாலையை இழுத்து அய்யாத்துரையின் கழுத்தருகே வைத்தான். "பரவால்ல, பயப்படாத. உன் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது."

அப்போதுதான் அவள் அழுதாள்.

"அய்யாத்துரை எம் பிள்ளை இல்லய்யா. அருவாளோட வாரான்லா, அவன்தான். அந்தச் சிவப்பு வட்டம் அவன் போட்டது. நாலு மணிக்கு எழும்பூர்ல இறங்கிருவான்... அதுக்குள்ள ஒட்டித் தந்துருவீகளா?"