கடைசியாக எடுத்த ஆள்

சுவாமிநாதன் தன் டீமுக்கு வேண்டிய ஆட்களை எடுத்து முடித்துவிட்டான். அதில் அவன் மனைவி மாளவிகாவின் பெயர் இல்லை.

ஷ்யாமளா ஆன்ட்டி வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்த எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஆஸ்திரேலியன் ஃபுட்பாலை ஆரம்பித்து வைத்தவர் பாரூக் பாய். மெல்பர்னில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு நியூஜெர்சி வந்தவர். முட்டை வடிவப் பந்து. உதைக்கலாம், கையால் குத்தியும் கொடுக்கலாம். ஆணும் பெண்ணும் கலந்து ஆடுவதால் மோதல் கிடையாது. எதிராளி தொட்டுவிட்டால் பந்தை உடனே விட்டுவிட வேண்டும். நாலு கம்பங்களில் நடு இரண்டுக்கு இடையில் உதைத்தால் கோல், ஆறு பாயின்ட்.

மொத்தம் நாலு டீம். சம்மர் தொடங்கும்போது நாலு கேப்டன்களும் உட்கார்ந்து, முறை வைத்து ஆளெடுப்பார்கள். அதுதான் டிராஃப்ட்.

"என்னப்பா சுவாமி, ஒரு பேர் மறந்துட்டியா?" என்றார் ஷ்யாமளா. கிளப் செயலாளர் அவர்தான்.

"இல்ல ஆன்ட்டி. பந்தை மேல தூக்கிப் போட்டா எம்பித் தட்டறதுக்கு ஆர்யன் இருக்கான். கோல் அடிக்க ஹாமித். நடுவுல நான். எல்லா ரோலுக்கும் ஆள் கிடைச்சாச்சு."

"போன வருஷம் அவ உன் டீம்லதானே ஆடினா?"

"இந்த வருஷம் ஸ்ட்ராட்டஜி வேற ஆன்ட்டி."

மிச்சம் இருந்தது மாளவிகா ஒருத்திதான். முறை பாரூக் பாயுடையது.

"அப்ப மாளவிகா எங்க டீமுக்கு வரட்டும்," என்றார் அவர், பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுப்பவர் மாதிரி.

மாளவிகா தலை நிமிராமல் "தேங்க்ஸ் பாய்" என்றாள்.

காபி கொடுக்கும்போது ஷ்யாமளா அடக்க முடியாமல் மற்றவர்களிடம் சொன்னார். "பாரூக் பாய் தன் வீட்டம்மாவை ரெண்டாவது ஆளா எடுத்தார். இவன் கட்டினவளைக் கடைசி வரைக்கும் நிக்க வெச்சுட்டான். அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தீங்களா?"

விஷயம் பக்கத்து ஊரான ஐசலினில் இருக்கும் இந்தியக் கடைகள் வரைக்கும் போனது. காய்கறி வாங்கப் போனால்கூட யாராவது கேட்டார்கள், "பொண்டாட்டியை வேண்டாம்னு சொன்ன கேப்டன் நீங்கதானா?"

சுவாமிநாதன் சிரித்துவிட்டு வெண்டைக்காயைப் பொறுக்கினான்.

முதல் பிராக்டீஸில் பாரூக் பாய் தன் டீமிடம் கேட்டார். "டேகர் யாரு? எதிர் டீம்ல நல்லா ஆடற ஆளோட நிழல் மாதிரி ஒட்டிக்கணும். அவனை ஆட விடக் கூடாது. டேகர் பந்தைத் தொடாமலே மேட்ச் முடிஞ்சாலும் முடியும்."

எல்லாருக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை.

"நான் பண்றேன் பாய்," என்றாள் மாளவிகா. "காலேஜ்ல கோ-கோ ஆடியிருக்கேன். துரத்தறது எனக்குப் பிடிக்கும்."

அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கொடுத்தார்.

முதல் மேட்சில், அவள் துரத்திய ஆள் பாதியிலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். அடுத்த மேட்சில், எதிர் டீமின் நட்சத்திரம் நடுவரிடம் போய் "இவங்களைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்று கெஞ்சினான். ஜூலை முடிவதற்குள் மற்ற கேப்டன்கள் மேட்சுக்கு முன்னால் கேட்பது ஒரே கேள்விதான். "மாளவிகா யாரைப் பிடிக்கப் போறாங்க?"

ஃபைனலில் எதிரே வந்தது சுவாமிநாதன் டீம்.

பாரூக் பாய் தயங்கினார். "சுவாமியை வேற யாராவது பார்த்துக்கட்டுமா?"

"வேண்டாம் பாய். அவர் எனக்குத்தான்."

மேட்ச் முழுக்க அவள் அவனை விடவில்லை. இடது பக்கம் திரும்பினால் அங்கே நின்றாள். பந்து அவன் கைக்கு வருவதற்குள் அவள் கை அவன் தோளில் இருந்தது. அப்படியும் கடைசி நிமிடத்தில் அவன் டீம் நாலு பாயின்ட் முன்னால் இருந்தது.

பந்து சுவாமிநாதனிடம் வந்தது. ஒரே ஒரு நொடி அவளிடமிருந்து விலகிவிட்டான். பந்தைத் தூர உதைத்துவிட்டால் கப் அவனுக்கு. காலை ஓங்கினான்.

மாளவிகா அப்படியே முன்னால் பாய்ந்தாள். உதைத்த பந்து அவள் உள்ளங்கையில் மோதித் திரும்பியது. எழுந்தாள், பொறுக்கினாள், ஓடினாள். நடுக் கம்பங்களுக்கு இடையில் உதைத்தாள்.

ஆறு பாயின்ட்.

விசில் ஒலித்தது. பாரூக் பாய் டீம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டது. "மாளவிகா, மாளவிகா" என்று கத்தாத ஆள் மைதானத்தில் இல்லை.

புல்லில் மல்லாந்து கிடந்த சுவாமிநாதனிடம் ஷ்யாமளா குனிந்தார். "நிஜத்தைச் சொல்லு. விட்டுக் கொடுத்தியா?"

அவன் முழங்கால் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. "மூச்சு வரட்டும் ஆன்ட்டி, சொல்றேன்."

பரிசு கொடுக்கும்போது பாரூக் பாய் மைக்கில் சொன்னார். "அடுத்த டிராஃப்ட்ல முதல் முறை யாருக்கு வந்தாலும், அவங்க எடுக்கப் போற பேர் மாளவிகாதான். இவங்களைக் கடைசி ஆளா எடுத்த எனக்கு வெட்கமா இருக்கு."

ஷ்யாமளா விடவில்லை. "உங்களைச் சொல்லி என்ன பாய்? கூடவே வாழ்றவனுக்கே அவ அருமை தெரியலையே. இப்பவாவது புரிஞ்சுதா சுவாமி?"

"புரிஞ்சுது ஆன்ட்டி," என்றான் அவன்.

மாளவிகா மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"போன வருஷம் நான் எது பண்ணினாலும் 'சுவாமி நல்லா டிரெயின் பண்ணியிருக்கான்'னுதான் எல்லாரும் சொன்னீங்க. அதனால என்னை எடுக்காதீங்கன்னு இவர்கிட்ட கேட்டதே நான்தான். காரணத்தை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டேன்."

அவள் சுவாமிநாதனைக் கை காட்டினாள்.

"நான் பேர் வாங்கறதுக்காக, சம்மர் பூரா கெட்ட பேர் வாங்கினது அவர்தான் ஆன்ட்டி."